வெப் டெவலப்பர் வேலை: மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் மண்டபம். சென்னையில் ஆறு வருடம் வெப் டெவலப்பராக இருந்துவிட்டு, இப்போது நான்கு வருடமாக ஊரிலிருந்தே ஒரு பெங்களூர் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன், இடையிடையே ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கத்துச் சின்ன வேலைகளும் எடுப்பேன். பஸ்ஸில், கல்யாண வீட்டில், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்வதைவிட உட்கார்ந்து முழுசாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

வெப் டெவலப்பர்னா கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறதா? எங்க கடை பிரிண்டர் ஓட மாட்டேங்குது, வந்து பாக்குறியாம்மா?

அது வேற தொழில் சித்தி. நான் இணையதளம் கட்டுகிறவள். ராமேஸ்வரத்தில் ரூம் போட மதுரையில் ஒருவர் தன் போனில் ஒரு லாட்ஜின் முகவரியைத் தட்டுகிறார் என்று வையுங்கள். அந்தப் பெயர் எந்தக் கணினியைக் குறிக்கிறது என்று முதலில் தேடப்படும், அப்புறம் அவர் போன் அந்தக் கணினியிடம் பக்கத்தைக் கேட்கும், அது அனுப்பும். கண்ணுக்குத் தெரிகிற படம், தேதி, பட்டன் எல்லாம் முன்பக்கம், ஃபிரண்ட் எண்ட். அந்தத் தேதியில் ரூம் காலியா, பணம் வந்ததா, பதிவை எங்கே எழுதி வைப்பது என்று பார்ப்பது பின்பக்கம், பேக் எண்ட். இரண்டும் செய்பவரை ஃபுல் ஸ்டாக் என்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக எழுதுகிற நேரம் குறைவு. யாரோ எழுதி வைத்ததைப் படிப்பதும், எங்கே உடைந்தது என்று தேடுவதும்தான் பெரும்பாலான நாட்கள். நம் கரையில் புது வலை பின்னுகிறவர்களைவிடக் கிழிந்த வலையை மடியில் போட்டுச் சரிசெய்கிறவர்கள்தானே அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள், அதே மாதிரி. அந்தத் தேடுதல் பிடித்திருந்தால் இந்த வேலை பிடிக்கும்.

அக்கா, லேப்டாப் எவ்வளவுக்கு வாங்கணும்? போன்லயே கத்துக்க முடியாதா?

போனில் பாடம் பார்க்கலாம், எழுதிப் பழக முடியாது. புது லேப்டாப் வேண்டாம், 8 ஜிபி ரேமும் (வேலை நினைவகம்) எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பகம்) இருக்கிற பழையது போதும். கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அண்ணனுக்கு அரசு கொடுத்த லேப்டாப் பரண்மேல் கிடந்தால் அதை முதலில் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் காட்டி, ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். விண்டோஸ் திணறினால் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் போடலாம், இலவசம். எழுதுவதற்கான விஎஸ் கோட், பதிப்புகளைச் சேமிக்கும் கிட், பிரவுசர் எல்லாமே இலவசம்தான். வீடு கடலை ஒட்டி இருந்தால் வேலை முடிந்ததும் பையில் போட்டு மூடி வையுங்கள், உப்புக்காற்று போர்ட்டுகளை அரித்துவிடும்.

நான் பி.எஸ்சி. விலங்கியல். எனக்கெல்லாம் வேலை கிடைக்குமா, இல்ல அம்பதாயிரம் கட்டி கோர்ஸ் சேரணுமா?

கிடைக்கும், ஆனால் வாசல் வேற. பெரிய நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும்போது படிப்பைப் பார்த்துத்தான் வடிகட்டும். சின்ன, நடுத்தர நிறுவனங்கள் உங்களால் என்ன செய்ய முடியும் என்று பார்க்கும், நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டும். உங்கள் விலங்கியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மீன் இனங்களின் பெயரும் பருவமும் தெரிந்த ஒருவர் கடல் உணவு ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஒரு தளம் செய்தால், அவர்கள் பேசுவது முதல் நாளே புரியும், எனக்கு அது புரிய மூன்று வாரம் ஆனது.

அம்பதாயிரம் கட்டும் முன்னால் இலவசமாகக் கிடைப்பதை ஒரு மாதம் படித்துப் பாருங்கள். ஃப்ரீகோட்கேம்ப் முழுக்க இலவசம், எம்டிஎன் என்கிற ஆவணத் தளத்தை நான் இன்றுவரை தினமும் திறக்கிறேன். அந்த ஒரு மாதம் ஓடவில்லை என்றால் காசு கட்டினாலும் ஓடாது. ஓடியும், பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆள் வேண்டும் என்று தோன்றினால் சேருங்கள், ஆனால் அங்கே முடித்த இரண்டு பேரிடமாவது நேரில் பேசிவிட்டுச் சேருங்கள். “நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்” என்று போர்டு வைத்திருந்தால் நான் அந்தப் படி ஏற மாட்டேன்.

எதுல ஆரம்பிக்கிறது? ரியாக்ட்டா, பைத்தானா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பக்கத்தின் உள்ளடக்கத்தை அடுக்கும் எச்டிஎம்எல், அதற்கு நிறமும் அமைப்பும் தரும் சிஎஸ்எஸ், அதை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட், இந்த வரிசையில். ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் பழகியதும் கிட். அதன்பிறகு ஒரு பின்பக்க மொழி, கூடவே பதிவுகளைச் சேமிக்கும் தரவுத்தளத்திடம் பேச எஸ்க்யூஎல். பின்பக்கத்துக்கு நோடா, பைத்தானா, பிஎச்பியா என்று சண்டை போட்டு நாளைக் கழிக்காதீர்கள், ஒன்றை ஆழமாகக் கற்றவர் அடுத்ததை ஒரு மாதத்தில் பிடித்துவிடுவார். ரியாக்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட்டின் மேல் நிற்பது. அடித்தளம் இல்லாமல் அதற்குப் போனால் பிழை வரும்போது அது ரியாக்ட்டின் பிழையா, நம் ஜாவாஸ்கிரிப்ட்டின் பிழையா என்றே தெரியாமல் முழிக்க வேண்டிவரும்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், படகு கரையிலதான் கிடக்கும். அதுக்குள்ள கத்துக்கலாமா?

இதைக் கேட்ட தம்பி விசைப்படகில் போகிறவர், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கையில் நேரம் இருக்கிறது என்றார். தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நன்றாக வரும், ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் பாதி வரும். வேலைக்குப் போகிற அளவு வராது. நான் பார்த்தவரை, வேறு வேலையும் செய்துகொண்டு படிப்பவர்களுக்கு ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அந்தத் தம்பி கடலுக்குத் திரும்பிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் படிக்கிறார். எனக்கு அவரைப் பற்றிக் கவலையே இல்லை.

இங்கிலீஷ் சரியா வராது. அதை நெனச்சாலே பயமா இருக்கு.

இரண்டு இங்கிலீஷ் இருக்கிறது. படிக்கிற இங்கிலீஷ் கட்டாயம் வேண்டும், பிழைச் செய்தியும் ஆவணமும் அதில்தான் வரும், ஆனால் அதில் திரும்பத் திரும்ப வருவது சில நூறு சொற்கள். பேசுகிற இங்கிலீஷ் மெதுவாக வரலாம். நான் சேர்ந்த புதிதில் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டேன், கூட்டம் முடிந்ததும் நான் புரிந்துகொண்டதை நாலு வரியில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். “இது சரியா?” என்று கடைசி வரி. பேச்சு வராததை மறைக்கத்தான் ஆரம்பித்தேன், ஆறு மாதத்தில் குழுவே அந்தக் குறிப்பை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டது.

ப்ராஜெக்ட் காட்டச் சொல்றாங்க. கால்குலேட்டரும் டு-டூ லிஸ்டும் வெச்சிருக்கேன், போதுமா?

போதாது. அவற்றை உங்களைத் தவிர யாரும் பயன்படுத்தப் போவதில்லை, அதனால் அவை உடையவும் உடையாது, உடையாததிலிருந்து கற்க ஒன்றுமில்லை. சித்தப்பாவின் கருவாட்டுக் கடைக்கு அன்றைய விலைப் பக்கம் ஒன்று செய்யுங்கள். நெத்திலி, வாளை, திருக்கை என்று பத்து வரி, விலையை அவரே போனிலிருந்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரம் அவர் அதைப் பயன்படுத்தினால் உங்களுக்குப் பத்துப் புகார் வரும். அந்தப் பத்தையும் சரிசெய்த கதைதான் இன்டர்வியூவில் நீங்கள் சொல்ல வேண்டியது.

நான் அப்பாவுக்கு ஒரு காற்று, அலை பார்க்கும் பக்கம் செய்தேன். என் திரையில் இளஞ்சாம்பல் எழுத்து அழகாக இருந்தது. கடலில் தன் வல்லத்தில், அதாவது படகில், உச்சி வெயிலில் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. அப்புறம்தான் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, பார்வைக் குறை உள்ளவர்களும் பயன்படுத்த உதவும் அணுகல்தன்மை விதிகள் சொல்வதைத் தேடிப் படித்தேன். படங்களும் அப்படித்தான். போனில் எடுத்த படம் ஒன்று 4, 5 எம்பி இருக்கும், இருபது படம் அப்படியே ஏற்றினால் 100 எம்பி, பாம்பனில் ஒரு கோடு சிக்னலில் யார் காத்திருப்பார்கள்? அளவைச் சுருக்கி, படத்தைச் சிறிதாகச் சேமிக்கும் வெப்பி (WebP) வடிவத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் வந்துவிடும். பிரவுசரின் டெவலப்பர் கருவியிலேயே மெதுவான இணைப்பு போல நடிக்கவைக்கும் வசதி உண்டு, அதைப் போட்டுப் பார்க்காமல் எதையும் யாருக்கும் காட்டாதீர்கள்.

தமிழ்ல சைட்னா ஃபாண்ட் மாத்தினா போதும்தானே?

இதைக் கேட்காமலே செய்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். டிடிபி சென்டரில் இருந்து வருகிற வாசகங்கள் பல நேரம் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருக்கும், அதை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் பக்கத்தில் கிறுக்கல்தான் வரும். “மீன்” நமக்கு இரண்டு எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் 4 என்று சொல்லும், ஏனென்றால் ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 12 பைட். “பெயர் 20 எழுத்துக்குள்” என்று கண்மூடி விதி வைத்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பெயர் உள்ளே போகாது. நாம் எண்ணுகிற மாதிரியே எழுத்துகளைப் பிரிக்க இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது.

தேடலும் சறுக்கும். “கொ”வில் ஒகரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி நார்மலைஸ் செய்துவிடுங்கள். எஸ்எம்எஸ் அனுப்புகிற வேலையாக இருந்தால், ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் கலந்தால் 70 குறிதான், செலவு கூடும் என்று வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லுங்கள். அப்புறம் தயவுசெய்து “கடைசிப் பெயர்” கட்டாயம் என்று ஒரு பெட்டி வைக்காதீர்கள், நமக்கு இனிஷியல்தான் உண்டு.

ஏஐயே கோட் எழுதிடுதே, இனிமே எதுக்குப் படிக்கணும்?

நானும் தினமும் பயன்படுத்துகிறேன். பழகிய வேலைகளை வேகமாக எழுதித் தருகிறது, அது உண்மை. ஆனால் அது எழுதியதில் எது தவறு என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த வேகம் லாபம். மேலே சொன்ன பெயர்ப் பெட்டியையே கேட்டுப் பாருங்கள், முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்துத்தான் பெரும்பாலும் தரும், அது நம்மூருக்குப் பொருந்தாது என்று உங்களுக்குத்தான் தெரியும். கற்கிற காலத்தில், நீங்களே ஒருமுறை எழுதி, ஓடவைத்து, பிறகு அதனிடம் காட்டித் திருத்தம் கேளுங்கள். தலைகீழாகச் செய்கிற பிள்ளைகள் ஆறு மாதம் கழித்தும் ஒரு பிழைச் செய்தியைப் படிக்கத் தெரியாமல் நிற்பதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று, நிறுவனத்தின் கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவிகளையும் வாடிக்கையாளர் விவரங்களையும் அதில் ஒட்டக் கூடாது.

ஆஃபர் வந்திருக்கு, வருஷம் மூணரை லட்சம். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் கேக்குறாங்க. கையில எவ்வளவு வரும்?

மூன்றரை லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 29,000 சொச்சம், அது கைக்கு வராது. உங்கள் பிஎஃப், பல இடங்களில் நிறுவனம் போடுகிற பிஎஃப் பங்கு, காப்பீடு, கிராஜுவிட்டி, வருடக் கடைசியில் தருவதாகச் சொல்லும் ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். “மாதம் வங்கியில் எவ்வளவு விழும்?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பது தப்பில்லை. வேலையை விடுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்றும் கேளுங்கள், 60, 90 நாள் சாதாரணம்.

ஒரிஜினல் சான்றிதழைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. என்னோடு படித்த ஒருத்தி அப்படி விட்டுவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்ப வேண்டி வந்தபோது நான்கு மாதம் அலைந்து வாங்கினாள். வேலை தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்று கேட்டால் அது வேலையே இல்லை.

சென்னைக்குப் போயே ஆகணுமா? நீங்க ஊர்லதானே இருக்கீங்க அக்கா?

நான் ஊரில் இருப்பது ஆறு வருடம் வெளியே இருந்ததால். முதல் இரண்டு, மூன்று வருடம் நமக்கு மேலே இருப்பவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஈடு கிடையாது. அவர் ஒரு பிழையை எப்படித் தேடுகிறார், எதை முதலில் சந்தேகப்படுகிறார், எப்போது “தெரியவில்லை” என்று ஒத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் வீடியோ அழைப்பில் தெரியாது. சென்னைதான் என்று இல்லை, மதுரை, கோயம்புத்தூரும் சரிதான், நல்ல சீனியர் இருக்கிற இடம் வேண்டும். பாம்பன் புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்தே ரயில் மறுபடி கிளம்புகிறது, வெள்ளி ராத்திரி ஏறினால் சனிக்கிழமை அம்மா கையால் சாப்பிடலாம்.

ஊரிலிருந்து செய்வதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். என்னிடம் ஃபைபர் இணைப்பு ஒன்று, வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று, ரூட்டருக்கென்று ஒரு சின்ன யுபிஎஸ். எழுதியதைச் சாயங்காலத்துக்குள் கிட்டில் ஏற்றிவிடுவேன், என் லேப்டாப்பில் மட்டும் எதுவும் தங்காது. ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்றால் உடனே குழுவுக்குச் சொல்லி, என் பொறுப்பில் இருப்பதை இன்னொருவர் கையில் விளக்கமாகக் கொடுத்துவிடுவேன். இதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை, முன்கூட்டியே சொல்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மச்சான் துபாய்ல இருக்காரு, விசிட் விசாவுல வந்து தேடுன்னு சொல்றாரு. போகலாமா லாத்தா?

அனுபவம் இல்லாமல் போகாதீர்கள் தம்பி. அங்கே இந்த வேலைக்கு ஏற்கெனவே செய்து காட்டியவரைத்தான் தேடுகிறார்கள், விசிட் விசாவில் வேலை செய்வதும் அங்கே சட்டப்படி குற்றம். மூன்று வருடம் இங்கே முடித்துவிட்டு இங்கிருந்தே விண்ணப்பியுங்கள்.

சேந்து அஞ்சு மாசம்தான் ஆகுது, லைவ்ல ஏதோ அழிச்சிட்டேன். வேலை போயிடுமா?

முதலில் போய்ச் சொல்லுங்கள், இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே. மறைத்த நிமிடங்கள்தான் வேலையைக் காலி செய்யும்.

எனக்கு வேலையில் சேர்ந்த எட்டாம் மாதத்தில், மக்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த லைவ் தளத்திலேயே இது நடந்தது. ஒரே ஒரு வாடிக்கையாளரின் போன் எண்ணை மாற்ற அப்டேட் கட்டளை எழுதினேன், யாருக்கு மட்டும் என்று சொல்கிற ‘வேர்’ வரியை விட்டுவிட்டு ஓட்டினேன். அட்டவணையில் இருந்த பதினோராயிரம் பேருக்கும் ஒரே எண். கை நடுங்கியது. எழுந்து போய் டீம் லீடிடம் சொன்னேன், அவர் திட்டவில்லை, “எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார். முந்தின ராத்திரி எடுத்த பேக்கப்பிலிருந்து எண்களை மீட்டு, அன்று காலை மாறியவற்றைப் பதிவேடுகளிலிருந்து கோத்து முடிக்க ராத்திரி ஒன்பதாகிவிட்டது.

அன்றிலிருந்து எதை மாற்றுவதற்கு முன்னும் அதே நிபந்தனையில், எதையும் மாற்றாமல் எடுத்துக் காட்டும் செலக்ட் கட்டளையை ஓட்டி எத்தனை வரி வருகிறது என்று எண்ணுவேன். டிரான்சாக்‌ஷனுக்குள் மாற்றி, எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் கமிட் செய்து உறுதியாக்குவேன், இல்லையென்றால் ரோல்பேக், எல்லாம் பழையபடி ஆகிவிடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு லைவ் தரவுத்தளத்தை மாற்றும் அனுமதி இருந்ததே பிழை என்று அந்த லீட் மறுநாள் நிர்வாகத்துக்கு எழுதினார். நல்ல இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

நாலு வருஷம் ஆச்சு, சீனியர்னு போட மாட்டேங்குறாங்க. அவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு உதாரணம் சொல்கிறேன், நீங்களே அளந்து பாருங்கள். தை அமாவாசைக்கு முந்தின நாள், லாட்ஜில் ஒரே ஒரு ரூம் மிச்சம். மதுரையில் ஒருவரும் சேலத்தில் ஒருவரும் ஒரே நொடியில் பட்டனை அழுத்துகிறார்கள். நிரல் “காலியா?” என்று கேட்கிறது, இருவருக்கும் “காலி” என்றே பதில் வருகிறது, இருவர் பெயரையும் எழுதிக்கொள்கிறது. விடியற்காலையில் குடும்பத்தோடு வந்து இறங்கிய ஒருவர் தெருவில் நிற்கிறார். உங்கள் கணினியில் நீங்கள் தனியாகச் சோதிக்கும்போது இது ஒருநாளும் வராது. ஒரே அறை, ஒரே தேதி இரண்டு முறை வரக் கூடாது என்ற விதியைத் தரவுத்தளத்திலேயே வைத்துவிட்டால் இரண்டாவது பதிவை அதுவே மறுத்துவிடும்.

இப்போது பணம். யுபிஐயில் பணம் போய்விட்டது, பக்கம் திரும்பி வருவதற்குள் பாம்பன் பாலத்தின் மேல் பஸ்ஸில் சிக்னல் போய்விட்டது. திரையில் “தோல்வி” என்று வருகிறது, அவர் மறுபடி கட்டுகிறார். வாடிக்கையாளரின் பிரவுசர் சொல்வதை நம்பி எழுதிய நிரல் இங்கே இரண்டு தடவை ஏமாறும். கட்டணச் சேவை நம் சர்வருக்கு நேரடியாக அனுப்புகிற வெப்ஹுக் தகவலைத்தான் நம்ப வேண்டும். அந்தத் தகவல் இரண்டு முறை வரலாம், அதனால் ஒரே பரிவர்த்தனை எண் மறுபடி வந்தால் ஏற்கெனவே பதிந்தாயிற்று என்று விட்டுவிட வேண்டும். வராமலும் போகலாம், அதனால் சில நிமிடம் கழித்து நாமே போய்க் கேட்க வேண்டும். அதுவரை அந்த அறையை யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைக்க வேண்டும்.

ஒரு வருட அனுபவக்காரர் சொன்ன படிவத்தைச் செய்து தருவார். சீனியர் என்று நான் மதிப்பவர், எழுதத் தொடங்கும் முன்பே இந்தக் கேள்விகளைக் கேட்டிருப்பார், தெருவில் நிற்கப்போகிற அந்தக் குடும்பம் அவர் கண்ணில் முன்பே தெரிந்திருக்கும். இது வருடக் கணக்கில் தானாக வருவதில்லை. லைவில் உடைகிற இரவுகளில் நீங்களாகப் போய் உட்காருங்கள், முடிந்ததும் ஏன் உடைந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள், மற்றவர் எழுதிய நிரலை ரிவ்யூ செய்யும்போது இடைவெளியையும் காற்புள்ளியையும் விட்டுவிட்டு “இது இரண்டு முறை நடந்தால்?” என்று கேளுங்கள். அந்தப் பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பதவி உயர்வு கேளுங்கள். இரண்டு முறை கேட்டும் காரணம் சொல்லாமல் மறுத்தால் வேறு இடம் தேடலாம்.

வருஷத்துக்கு ஒண்ணு புதுசா வருது. ஓடி ஓடிப் படிக்கணுமா?

ஜாவாஸ்கிரிப்ட் 1995-இல் வந்தது. அதன் மேல் கட்டிய கருவிகளில் ஜேகுவெரி 2006, நோட் 2009, ரியாக்ட் 2013. நான் படிக்கும்போது ஜேகுவெரி தெரியாதவருக்கு வேலை இல்லை என்றார்கள், இன்று புது வேலைகளில் அதன் பெயரையே கேட்பது அபூர்வம். ஆனால் அதற்கெல்லாம் முந்தைய எஸ்க்யூஎல், 1970-களில் பிறந்தது, இன்று காலையும் எழுதினேன். முந்தைய பதிலில் சொன்ன இரட்டைப் பதிவுப் பிரச்சினை எந்தக் கருவியில் எழுதினாலும் வரும். அதனால் வாரத்தில் ஒரு மணி நேரம் புதியதைத் தெரிந்துகொள்ளப் போதும். வேலைக்கு எது வேண்டுமோ அதை மட்டும் ஆழமாக.

லாட்ஜுக்கு சைட் கேக்குறாங்க. எவ்வளவு சொல்றது? வேலை முடிஞ்சதும் காசு தராம இழுத்தா?

தொகை சொல்லும் முன் வேலையை எழுதுங்கள். எத்தனை பக்கம், படம் யார் தருவார், எத்தனை முறை திருத்தம், முன்பதிவு உண்டா. அதற்கு எத்தனை நாள் ஆகும், உங்கள் ஒரு நாளுக்கு என்ன மதிப்பு, பெருக்கிக்கொள்ளுங்கள். முன்பணம் பாதி வாங்காமல் ஒரு வரியும் எழுத வேண்டாம், தெரிந்தவராக இருந்தாலும். ஆரம்பத்தில் ஒரு வியாபாரிக்கு, அப்பாவுக்கு வேண்டியவர் என்று முன்பணம் கேட்காமல் இரண்டு மாதம் செய்தேன், “மகள் மாதிரி நீ” என்று சொல்லியே பதினெட்டு மாதம் இழுத்தார். பணத்தைவிட அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு நின்றுபோனதுதான் எனக்கு வலித்தது.

டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, எப்போதும் வாடிக்கையாளர் பெயரிலேயே, அவர் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். பிடித்து வைத்தால் பணம் வரும் என்று நினைத்து நம் பெயரில் வாங்குவது நேர்மையில்லை, இந்தச் சின்ன ஊரில் அது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வருடா வருடம் டொமைனையும், தளத்தை வைத்திருக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங்கையும் புதுப்பிக்க வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்று முதல் நாளே சொல்லுங்கள்.

வெளிநாட்டு கிளையன்ட் காசு அனுப்பினா வரி கட்டணுமா?

ஆமாம், அது உங்கள் வருமானம்தான், கணக்கில் காட்டியே ஆக வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பணம் வந்ததற்கான வங்கிச் சான்றை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள். உள்ளூர் நிறுவனம் பணம் தரும்போதே டிடிஎஸ் என்று வரி பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மற்றதற்கு ஒரு ஆடிட்டர், அந்தக் கட்டணம் வீண் போகாது.

கல்யாணம், குழந்தைன்னு மூணு வருஷம் விட்டுப்போச்சு. திரும்பி வர முடியுமா அக்கா?

முடியும். இந்தக் கேள்வி எனக்கு வரும்போதெல்லாம் குரல் ரொம்பத் தாழ்ந்து வருகிறது, தாழ வேண்டியதில்லை. மேலே சொன்னதுபோல அடிப்படைகள் மாறவே இல்லை. ஆறு மாதம் எடுத்துக்கொண்டு, கருவாட்டுக் கடைப் பக்கம் மாதிரி உண்மையான ஆள் பயன்படுத்துகிற ஒன்றைச் செய்யுங்கள், இடைவெளியை விண்ணப்பத்தில் மறைக்காமல் ஒரே வரியில் எழுதுங்கள். முதல் ஐந்தாறு மறுப்பில் நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் ஒன்று மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். வீட்டிலிருந்து வேலை என்றால் வீட்டு வேலையும் செய்துகொண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்குக் காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை அறைக் கதவு மூடியிருக்கும், மாமியார்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் இல்லாமல் இந்த நான்கு வருடம் இல்லை.

லாட்ஜ் ஓனர், தங்க வர்றவங்க ஆதார் போட்டோவ சைட்லயே வாங்கி வெக்கச் சொல்றாரு. காசு தர்றவர் சொன்னா செஞ்சுதானே ஆகணும்?

உடனே “முடியாது” என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லவும் வேண்டாம், தலையாட்டிவிட்டுச் செய்யவும் வேண்டாம். அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். என்னிடம் இப்படிக் கேட்டவருக்கு வேண்டியிருந்தது, வருகிற ஆளும் பதிவு செய்த ஆளும் ஒருவர்தானா என்று சரிபார்ப்பது மட்டும்தான். அதற்குப் படத்தைச் சேமிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அவரிடம் உட்கார்ந்து விளக்கினேன். இருநூறு பேர் ஆதார் படம் ஒரு சின்ன ஹோஸ்டிங்கில் கிடந்து யாராவது எடுத்துவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டம் வந்திருக்கிறது, பல மாதம் கழித்து அந்தப் படங்களை யார் அழிப்பார்கள் என்று கேட்டேன். அதற்குப் பதிலாகப் பெயரும் போன் எண்ணும் மட்டும் வாங்கி, பதிவு உறுதியானதும் ஒரு ஆறு இலக்க எண் அனுப்புகிற மாதிரிச் செய்து காட்டினேன், அதே கட்டணத்துக்கு. இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். இப்போது அங்கே கவுன்ட்டரில் அந்த எண்ணைக் கேட்டு, அடையாள அட்டையைக் கண்ணால் பார்த்து, சாவியைக் கொடுக்கிறார்கள். ஒருவேளை அவர் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன், கொடுக்க அதைத் தனியாகவும் எடுத்து வைத்திருந்தேன்.